ஏட்டையாவுக்குத் தண்ணீர் மாற்றுதல்

குற்றாலத் தண்ணீரில் வளரும் மீனுக்கு நோய் கிடையாது, மூப்பு கிடையாது. சாவு உண்டுதான். ஆனால் அதுவும் அருவிக்கரை வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே வர முடியும். இதை உலக விஞ்ஞானம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது விஞ்ஞானத்தின் குறை. தண்ணீரின் குறை அல்ல.

இதைச் சொன்னவர் என் அப்பா, ஓய்வுபெற்ற சுபேதார் சங்கிலிப்பாண்டி. சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் சிரிக்காமல் சொல்வதைச் சட்டமாக எடுத்துக்கொள்வோம். சிரித்துக்கொண்டே சொல்வதை அவசரச் சட்டமாக எடுத்துக்கொள்வோம்.

ராஜஸ்தான் மணலில் நின்ற காலமெல்லாம் தண்ணீருக்கு ஏங்கியவர் அவர். ஆகவே ஓய்வு பெற்றுக் குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டதும் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். சீசன் நாட்களில் காலையில் அருவிக்குப் போவது ஒன்று. மீதி நேரமும் மீதி மாதங்களும் அருவியைப் பற்றிப் பேசுவது மற்றொன்று. அந்தத் தண்ணீர் மூட்டுவலியைத் தீர்க்கும், மனக்கலக்கத்தைத் தீர்க்கும், வழுக்கையைத் தீர்க்கும் என்பார். அவருக்கே நடுமண்டையில் வழுக்கை உண்டு. அருவி விழுந்த வேகத்தை முடி தாங்கவில்லை, அது முடியின் கோழைத்தனம் என்பது அவர் விளக்கம்.

இனி மீன்.

என் அக்கா ஸ்வாதி சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் தேறிவிட்டாள். பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படித்தவள் அதைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சான்றிதழ்கள் இருந்த பையை என் மேல் எறிந்தாள். மூடி போட்ட ஒரு வாளியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தாள். வாளிக்குள் ஒரு தங்க மீன். பெயர் ஏட்டையா.

பெயரை மாற்றி வைக்க வழியே இல்லை. தொப்பை முன்னே வர, வால் பின்னே வர, தொட்டியின் நான்கு மூலைக்கும் நிதானமாக ரோந்து போவார். ஒவ்வொரு மூலையிலும் சற்று நிற்பார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு திருப்தியோடு திரும்புவார். அக்கா விடிய விடியப் படித்த நாட்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். மீன்களுக்கு இமை இல்லை என்று நான் சொன்னேன். அக்கா என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

"எஸ்.ஐ. டியூட்டியில சேரதுக்கு முன்னாலயே ஏட்டு வந்து சேந்தாச்சா?" என்றார் அப்பா. ஏட்டையாவை அவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. தொப்பை ஒன்றுதான் ராணுவ முறைப்படி இல்லை.

பயிற்சிக்காக அக்கா சென்னைக்குப் போக இன்னும் சில வாரங்கள் இருந்தன. போனால் ஓராண்டு. பயிற்சி விடுதியில் மீனுக்கு இடம் கிடையாது. அதனால் ஏட்டையா வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அக்காவின் ஆசை. வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆணை. இரண்டும் ஒன்றாகப் பொருந்தி வந்தது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் முறை.

பழைய தொட்டி அறையைக் காலி செய்யும்போதே விரிசல் விட்டிருந்தது. தென்காசியில் புதுத் தொட்டி வாங்கி ஹாலில் வைத்தோம். பழைய தொட்டியிலிருந்து அக்கா ஒரே ஒரு பொருளைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாள். பில்டரின் பஞ்சு. பழைய தண்ணீரோடு ஒரு கவரில் முடிந்திருந்தது.

மறுநாள் காலை அவள் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"செல்வம், தொட்டியில இப்ப ஒண்ணும் செய்யாண்டாம். நான் வந்து மாட்டுதேன். அந்தக் கவர் அங்கனயே கெடக்கட்டும், தொட்டுராத."

தொட மாட்டேன் என்றேன். பொதுவாகவே நான் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை. ஆனால் அவள் சொன்னது என்னிடம். அப்பா அப்போது அருவியின் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அவர் வண்டியின் இருபக்கமும் தண்ணீர் கேன் தொங்க வந்து இறங்கினார். ஹாலுக்குள் நுழைந்தார். கவரைப் பிரித்தார். பழுப்பாக, கொழகொழவென்று, ஒரு மாதிரி மண்வாசனையோடு பஞ்சு அவர் கையில் வந்தது.

"இது என்னலே?"

"அக்கா மீனோட பில்டர் பஞ்சு. தொடக் கூடாதுன்னு..."

"இந்த அழுக்குலயா எம்மவ மீன வளத்தா?" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "படிப்பு படிப்புன்னு இருந்திருக்கா, பாவம். தொவைக்கக்கூட நேரம் இல்ல."

ஒரு தகப்பன் மகளுக்குச் செய்யக்கூடிய உதவியை அவர் செய்தார். பஞ்சைச் சோப்புத் தூளில் ஊறவைத்தார். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார். வெந்நீரில் முக்கிப் பிழிந்தார். மொட்டை மாடிக் கொடியில் தன் பனியன்களுக்கு நடுவே காயப் போட்டார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குற்றாலத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினார். வெள்ளை வெளேரென்ற பஞ்சைப் பில்டரில் சொருகி, வாளியில் இருந்த ஏட்டையாவை உள்ளே விட்டார்.

"இப்ப பாருலே. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

பார்த்தேன். ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தது. நோயாளி இனிமேல்தான் உருவாக வேண்டியிருந்தது.

அக்கா மத்தியானம் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொட்டியைப் பார்த்தாள். பிறகு பஞ்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எப்பா, என்ன செஞ்சீய?"

"நன்றி சொல்லாண்டாம். சுடுதண்ணியில முக்கி எடுத்தேன். ஒரு பொட்டு அழுக்கு கெடையாது."

"அந்த அழுக்குலதான்ப்பா ஏட்டையா உசுரு இருந்திச்சு."

அவள் கத்தவில்லை. குற்றவாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் படித்த மாதிரி, உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். மீன் கழிப்பதும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். அந்தப் பழுப்புக் கொழகொழப்பு முழுக்க நல்ல பாக்டீரியா. விஷத்தைத் தின்று தீர்க்கிற கூட்டம் அதுதான். மாசக்கணக்கில் அவள் வளர்த்தது. புதுத் தொட்டியில் அந்தப் பஞ்சை அப்படியே சொருகியிருந்தால் அவை வேலையைத் தொடர்ந்திருக்கும்.

"அவ்வளவையும் நீங்க பிளீச்சிங் போட்டுக் கொன்னுட்டீய."

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "எத்தன இருந்திருக்கும்?"

"கோடிக்கணக்குல."

"கோடி பேரு சேந்து ஒரே ஒரு ஏட்டுக்குக் கக்கூஸ் கழுவிட்டு இருந்தானுவளா?"

"ஆமா."

"அது என்ன நிர்வாகம்?" என்றார் அப்பா.

இனி புதிதாக அந்தக் கூட்டம் தானாக வளர்ந்து வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை விஷம் சேரச் சேர அதை ஆள்தான் வெளியேற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, கொஞ்சம் புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் கூடாது.

"குற்றாலத் தண்ணியிலயா விஷம் சேரும்?" அப்பா எழுந்துவிட்டார். "மூலிகத் தண்ணிட்டி அது!"

"தண்ணி நல்ல தண்ணிதாம்ப்பா. ஆனா ஏட்டையா அதுலதான வெளிய போறாரு?"

அன்றிலிருந்து ஹாலில் தினமும் ஒரு சடங்கு நடந்தது. கூரியரில் வந்த பெட்டியிலிருந்து அக்கா ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுப்பாள். தொட்டித் தண்ணீரை அதில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். மஞ்சளாக இருந்தால் விஷம் இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. பார்த்துவிட்டு ரப்பர் டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் போடுவாள், மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவாள், தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் சட்டென்று வாளிக்குத் திருப்புவாள். முந்தின நாளே குழாயில் பிடித்து, குளோரின் போகட்டும் என்று திறந்து வைத்திருந்த தண்ணீரை உள்ளங்கையில் பட்டு மெல்ல வழிகிற மாதிரி ஊற்றுவாள். வேகமாக ஊற்றினால் ஏட்டையா மிரண்டுவிடுவாராம்.

"குழாத்தண்ணி!" என்றார் அப்பா. "அருவிய பக்கத்துல வச்சுக்கிட்டு எம்மவ மீனுக்குக் குழாத்தண்ணி குடுக்கா."

"அருவித்தண்ணி எப்பவும் கெடைக்காதுல்லப்பா. நான் போன பொறவு யாரு தெனமும் கேன் தூக்குவா?"

இந்தச் சடங்கை அப்பா ஒரு நாள் விடாமல் நின்று பார்த்தார். கற்றுக்கொள்ள அல்ல. காலையில் அருவிக்குக் கூட்டிப்போக வாசலில் வந்து ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும் ஞானசம்பந்தம் சாருக்கு நடித்துக் காட்டுவதற்காக. அவர் அடுத்த தெரு, ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், அப்பா சொல்லும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர். அப்பாவின் பென்ஷனுக்கு அடுத்தபடியான சொத்து.

அப்பா கேட் பக்கத்தில் இல்லாத தொட்டிக்கு முன் மண்டியிடுவார். இல்லாத டியூபைக் கன்னம் ஒட்ட உறிஞ்சுவார். இல்லாத வாளியைத் தூக்கி, இல்லாத தண்ணீரை உள்ளங்கையில் வழியவிடுவார். பிறகு ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரலைக் கண்ணாடிக் குழாய் மாதிரி வெயிலில் உயர்த்திப் பார்ப்பார்.

"அடுத்த வாரத்துல இருந்து பிரஷர் பாக்கப் போறா வே."

"எண்ணெய் தேச்சு விடலையா வே?" என்பார் ஞானசம்பந்தம் சார்.

"கண்ணுல எரிச்சல் பட்டிரும்னு யோசிக்கா."

இருவரும் சிரித்துக்கொண்டே அருவிக்குப் போவார்கள். அந்த நடிப்பில் ஒரு பிசகு இருக்காது. எந்த விரலால் டியூபை மூட வேண்டும் என்பது வரை சரியாக இருக்கும். ஒருவரைக் கேலி செய்ய எவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் நேரடியாகவே மோதினார்.

"அருவிக்கரை ஓடையில எம்புட்டு மீனு கெடக்கு! அதுக்கெல்லாம் எவ வாளி தூக்கிட்டுப் போயித் தண்ணி மாத்துதா?"

அக்கா கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரும் மாத்தாண்டாம்ப்பா. அதுதான் நிக்காம மாறிக்கிட்டே இருக்கே. ஒரு தடவ நீங்க குளிச்ச தண்ணியில மறுதடவ நீங்களே நின்னிருக்கீயளா?"

அடுக்களையில் அம்மா மிக்ஸியைப் போட்டாள். உள்ளே அரைக்க ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அது வேற டிபார்ட்மெண்டு," என்றார் அப்பா.

"சரி. ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க." அக்கா குழாயைக் கீழே வைத்தாள். "நான் போறதுக்குள்ள இது மஞ்சளுக்கு வந்து நிக்கணும். இல்லைன்னா தெனமும் இதச் செய்ய இங்கன ஒரு ஆளு இருக்கணும். ரெண்டும் இல்லன்னா ஏட்டையாவ அபர்ணா வீட்ல விட்டுட்டுப் போயிருவேன். அவ தொட்டி வருசக்கணக்கா ஓடுது. அங்கன பொழைச்சுக்கிடுவாரு."

அபர்ணா அவளோடு ஒன்றாகப் படித்தவள், பாளையங்கோட்டைக்காரி.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "என் வீட்ல இருந்து ஒரு ஏட்ட டிரான்ஸ்பர் பண்ண எவனுக்கும் அதிகாரம் கெடையாது."

ஆனால் தினமும் செய்யப்போகும் அந்த ஆள் தானே என்று அவர் சொல்லவில்லை. அக்கா அதைக் கவனித்தாள்.

அடுத்த வாரம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவள் சில நாள் சென்னைக்குப் போக வேண்டி வந்தது. ஆறு மாதம் காட்டில் விடப்போகிறவள் மாதிரி என்னை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு சிட்டிகை தீனி. தினமும் ஒரு வாளி. பச்சை கூடினால் ரெண்டு வாளி. நானும் பொறுப்பாகத் தலையாட்டினேன். அவள் ரயில் ஏறியதும் அப்பா சொன்னார், "நீ உள்ள போயிப் படி. பட்டாளத்துல ஒரு கம்பெனிக்கே தண்ணி சப்ளை பாத்தவன் நான். ஒரு ஏட்டப் பாக்க மாட்டனா?"

படி என்ற உத்தரவுக்கு என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்ததில்லை.

அப்பாவின் நிர்வாகம் தொடங்கியது. முதல் உத்தரவு, ஓய்வு. "தெனமும் அடியில இருந்து தண்ணிய உருவுனா எவனுக்கு நிம்மதி இருக்கும்?" தண்ணீர் மாற்றம் நிறுத்தப்பட்டது. இரண்டாவது உத்தரவு, ரேஷன் உயர்வு. ஊருக்குப் புதுசாக வந்தவருக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவது நம் குடும்ப மரியாதைக்கு அழகில்லை. காலை, மதியம், மாலை என்று கையளவில் விழுந்தது. புளியறையில் பழைய படைத் தோழர் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டு வந்த நாளில், வாங்கிவந்த பரோட்டாவிலும் ஒரு ஓரம் உள்ளே போனது. கொடுத்ததை மறுக்கும் பழக்கம் ஏட்டையாவுக்கு இல்லை.

தண்ணீர் முதலில் லேசாகக் கலங்கியது. பிறகு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. ரோந்து நின்றுபோனது. ஏட்டையா மேல்பரப்பில் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"என்னமோ சொல்ல வாராரு," என்றார் அப்பா.

"மூச்சு முட்டுதுன்னு சொல்லுதாரு," என்றாள் அம்மா. "பிள்ள சொன்ன மாதிரி ஒரு வாளி எடுத்து ஊத்துங்க."

"குழாத்தண்ணி வேண்டாம். வந்த அன்னைக்கு ஊத்துன தண்ணியே வேணும். செல்வம், கேன எடுலே."

வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து கேன்களைப் பிடித்துக்கொண்டேன். மேலே மலையில் இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. பேரருவி செம்மண் நிறத்தில், பாலத்தை இடித்துக்கொண்டு போனது. குளிக்கத் தடை. குறுக்கே கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் குடையோடு நின்றார்.

"குளிக்க வரல. ரெண்டு கேன் தண்ணி வேணும்," என்றார் அப்பா.

"யாரும் உள்ள போகக் கூடாது அண்ணாச்சி."

"மீனுக்குப்பா. உயிருக்குப் போராடுது."

போலீஸ்காரர் அருவியைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க மீனையே கூட்டிட்டு வந்தாலும் இன்னைக்கு விட மாட்டேன். அதுவும் அடிச்சிட்டுப் போயிரும்."

"எம்மவ எஸ்.ஐ. தெரியுமா?"

"எந்த ஸ்டேஷன்?"

"இனிமேத்தான்."

ஐந்தருவியிலும் கயிறு. பழைய குற்றாலத்திலும் கயிறு. காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட, வீடு திரும்பினோம். வழியில் அப்பா அருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு பயணம் நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஏட்டையா அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். செவுள் ஓரம் சிவந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"எப்பா, ஏட்டையா எப்படி இருக்காரு?"

அப்பா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜம்முனு இருக்காருட்டி."

"தண்ணி மாத்துனீயளா?"

"எல்லாம் நடக்கு. நீ வேலையப் பாரு."

போனை வைத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைட்ட இப்படி ஒரு பொய்ய சொல்லலாமா? நாளைக்கு வந்து பாக்கும்போது கண்ணு தெரியாதா அவளுக்கு?"

அவர் சுவரோரம் இருந்த வாளியைக் கையில் எடுத்தார். தொட்டியை நோக்கி இரண்டடி வைத்தார். அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னவே சுபேதார், வாளியும் கையுமா! நீரும் எறங்கிட்டீரா?" என்றார் ஞானசம்பந்தம் சார்.

"ச்சே. வீடு தொடைக்கதுக்கு," என்றார் அப்பா. வாளியைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை யாரும் எங்கள் வீட்டில் அவர் தரை துடைத்துப் பார்த்ததில்லை. ஞானசம்பந்தம் சாரும் பார்த்ததில்லை. ஆனாலும் சிரித்தார். அன்று அப்பா அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

அக்கா மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கினாள். ஹாலில் கால் வைத்ததும் பையைக் கீழே போட்டாள். குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தாள். வேப்பிலைப் பச்சை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மட்கிய தீனியை உறிஞ்சி எடுத்தாள். பாதித் தண்ணீரை மாற்றினாள், மத்தியானம் மறுபடி மாற்றினாள். நான் வாளி தூக்கினேன். அவள் என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் அப்பாவும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

சாயங்காலம் ஏட்டையா நிமிர்ந்தார். ஒரு துடுப்பைப் பிரித்தார். பிறகு மற்றதையும் பிரித்தார்.

அப்போதுதான் அவள் அபர்ணாவுக்குப் போன் செய்தாள். ஹாலில் நின்றே செய்தாள்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ல கொண்டு வாரேன்ட்டி... ஆமா, இங்கன சரிப்படாது... இல்லட்டி, யாரையும் குத்தம் சொல்லி என்ன செய்ய. எல்லாருக்கும் அவுகவுக வேல இருக்கு."

அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்பர் அதிகாரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை ஒரே பக்கத்தைப் படித்தார். அது வரி விளம்பரப் பக்கம்.

விடிந்தபோது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு எழுந்தேன்.

"வே, தடைய எடுத்தாச்சு! தண்ணி கண்ணாடி மாதிரி விழுதாம்!" ஞானசம்பந்தம் சார் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக ஸ்கூட்டரில் இருந்தார்.

"நீரு போரும்," என்றது அப்பாவின் குரல், ஹாலுக்குள்ளிருந்து.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வரல."

சீசன் நேரத்தில் அருவி திறந்திருக்க, அப்பா வரவில்லை என்றதன் பொருளைப் புரிந்துகொள்ள ஸ்கூட்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தனியே போனது.

நான் அறைக் கதவை முழுதாகத் திறக்காமல் பார்த்தேன். அப்பா பனியனோடு தொட்டிக்கு முன் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்தது. அக்கா பிடிக்கவில்லை. நானும் இல்லை. அம்மா வழக்கமாகப் பிடிக்கும் வாளி வேறு. அவர் டியூபைக் கன்னம் ஒட்ட உறிஞ்சினார். கொஞ்சம் அதிகமாகவே உறிஞ்சிவிட்டார். ஏட்டையாவின் தண்ணீர் ஒரு வாய் நிறைய வந்தது. துப்பினால் சத்தம் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை இறுக மூடி விழுங்கிவிட்டு, டியூபை வாளிக்குத் திருப்பினார். சரியான விரலால் மூடி, சரியான இடத்தில் திறந்தார்.

தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்தபோது கண்ணாடிக் குழாயை எடுத்தார். உதடு அசையச் சொட்டுகளை எண்ணினார். குலுக்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். பச்சைதான். நேற்றைவிட வெளிறிய பச்சை. குழாயைக் கழுவி, துடைத்து, பெட்டியில் அதன் குழியிலேயே வைத்தார்.

அக்கா பயணத்துக்கு உடுத்திக்கொண்டு, மூடி போட்ட வாளியோடு அறையை விட்டு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். பார்க்காத மாதிரி புதுத் தண்ணீரைச் செம்பில் மொண்டு, இடது உள்ளங்கையைத் தொட்டிக்கு மேல் பிடித்து ஊற்றத் தொடங்கினார்.

அக்கா வாளியைச் சுவரோரம் வைத்தாள். கிட்டே வந்தாள்.

"கைய இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்கப்பா."

இருபத்தைந்து வருடம் பிறருக்கு உத்தரவு போட்டவர் தாழ்த்திப் பிடித்தார்.

"பரோட்டா கூடாது."

"ம்."

"தீனி?"

"ஒரு சிட்டிக."

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "அபர்ணா, பஸ் ஸ்டாண்டுக்கு வராண்டாம்ட்டி," என்பது கேட்டது. "இல்லட்டி, இங்கன ஆளு இருக்கு."

அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. அடுத்த செம்பை மொண்டார். தண்ணீர் அவர் விரலிடுக்கில் மெல்ல வழிந்து உள்ளே விழுந்தது. மூலையில் நின்ற ஏட்டையா தொப்பையை அசைத்துக்கொண்டு வந்து, சரியாக அது விழுகிற இடத்துக்குக் கீழே நின்றுகொண்டார். வால் மட்டும் ஆடியது.

"கொஞ்சம் தள்ளும்," என்றார் அப்பா, யாருக்கும் கேட்காத குரலில்.